நாற்காலியைக் கூரையில் தொங்கவிட்ட ஓவியர்

நமக்கெல்லாம் 'டிராயிங்' என்றாலே ஞாபகம் வருவது மினி டிராஃப்டரும், டைமென்ஷன் விட்டுப்போச்சுன்னு சார் போடும் சிவப்புச் சுழியும்தான். 'இந்த மலருக்கு ஓவியர் கதை எதுக்குப்பா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். இந்த அம்மா கப்பி கட்டியவர், சூளை வைத்தவர், பெயிண்டில் பெட்ரோல் கலந்து பார்த்தவர். பாதி நம்ம ஆள்!

பெயர் எமிலி கார். 1871 டிசம்பர் 13 அன்று கனடாவின் மேற்குக் கரையில், விக்டோரியா நகரில் பிறந்தார். பதினேழு வயதாவதற்குள் தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். வீட்டு அதிகாரம் மூத்த அக்கா கையில். நம்ம எமிலிக்கோ யார் அதிகாரமும் ஆகாது. கார்டியனிடம் அனுமதி வாங்கி 1890-ல் சான்பிரான்சிஸ்கோ போய் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1893-ல் திரும்பி வந்ததும், வீட்டு மாட்டுக்கொட்டகையின் மேல்தளத்தைச் சரிசெய்து பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு. அந்த ஃபீஸைச் சேர்த்து வைத்துத்தான் 1899-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அங்கே உடம்பு படுத்துவிட்டது. பதினெட்டு மாதம் சானிடோரியத்தில் கிடந்து, 1904-ல் பெரிதாக எதையும் சாதிக்காமல் ஊர் திரும்பினார்.

அடுத்து வான்கூவரில் வாத்தியார் வேலை. பணக்காரப் பெண்மணிகள் சேர்ந்து நடத்திய ஓவியச் சங்கம் ஒன்று அவரை வைத்துக்கொண்டது. வந்தவர்களுக்கு வேண்டியது பாராட்டு. இவருக்குத் தெரிந்தது திருத்தம் மட்டும். தப்பு என்றால் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்வார். போதாததற்கு சிகரெட் வேறு. சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். ஆனால் அதே மனுஷி பிள்ளைகளிடம் அப்படியே வேறு ஆள். சொந்தமாக ஸ்டுடியோ பிடித்து, நாய், கிளி சகிதம் வகுப்பு நடத்தினார். நாலு சுவருக்குள் பூஜாடியை வைத்து வரையச் சொல்லாமல், வெளியே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். வகுப்பு நிரம்பி வழிந்தது.

1907-ல் அக்காவுடன் அலாஸ்கா பக்கம் போனபோதுதான் பூர்வகுடி மக்களின் டோட்டெம் தூண்களைப் பார்த்தார். ஒரே மரத்தில் காகம், கரடி, கழுகு என்று குலச் சின்னங்களை அடுக்கடுக்காகச் செதுக்கியவை. 'இவை அழியுமுன் வரைந்து வைத்துவிட வேண்டும்' என்று அப்போதே முடிவு. 1910-ல் பாரிஸ் போய் புதுப் பாணி வண்ணங்களைக் கற்றார். 1912 கோடையில் வடக்கே தீவு தீவாகப் போய், மழையிலும் கொசுக்கடியிலும் நின்று வரைந்தார். 1913-ல் வான்கூவரில் சுமார் 200 படங்களைச் சொந்தச் செலவில் காட்சிக்கு வைத்தார். மாகாண அரசு மொத்தமாக வாங்கிக்கொள்ளும் என்று நம்பியிருந்தார். வாங்கவில்லை. ஆவணம் என்றால் இவ்வளவு பளிச்சென்ற வண்ணமா என்பது அவர்கள் குறை.

அதோடு முறிந்தது. விக்டோரியாவில் ஒரு வீடு கட்டி வாடகைக்கு விட்டார். வாடகை கடனுக்கே பத்தவில்லை. பாப்டெயில் நாய்கள் வளர்த்து, குட்டிகளை நூற்றுக்கணக்கில் விற்றார். கொல்லையில் தானே செங்கல் சூளை கட்டி, கடலோர மேட்டில் களிமண் வெட்டி வந்து, சாமான்கள் செய்து டூரிஸ்டுகளுக்கு விற்றார். அவற்றில் பூர்வகுடி வடிவங்களை வரைந்ததற்காகப் பின்னாளில் வெட்கப்பட்டும் எழுதியிருக்கிறார். தூரிகையைத் தொட்ட நாட்கள் குறைவு. இப்படியே ஏறக்குறைய பதினாலு வருஷம்! நமக்கு ஒரு அரியர் விழுந்தாலே உலகம் இருண்டுவிடுகிறது.

அந்த வீட்டு ஸ்டுடியோவில்தான் நம்ம மெக்கானிக்கல் சமாச்சாரம். இடம் போதவில்லை என்று நாற்காலிகளைக் கயிறு, கப்பி போட்டு உத்தரத்துக்கு இழுத்துக் கட்டிவிட்டார். யாராவது வந்தால், பிடித்த ஆளாக இருந்தால் நாற்காலி கீழே இறங்கும். அறுவை ஆசாமி என்றால் இறங்காது. நின்றபடியே பேசிவிட்டுப் போக வேண்டியதுதான். நம்ம ஹாஸ்டல் ரூமுக்கு உடனே தேவைப்படும் கண்டுபிடிப்பு.

1927-ல் திருப்பம். ஒட்டாவா தேசியக் கலைக்கூடம் மேற்குக் கரைக் கலைக் கண்காட்சிக்கு அவர் படங்களைக் கேட்டது. ஐம்பத்தஞ்சு வயதில் ரயிலேறிக் கிழக்கே போனவர், டொரான்டோவில் 'குரூப் ஆஃப் செவன்' ஓவியர் லாரன் ஹாரிஸைச் சந்தித்தார். "நீ எங்களில் ஒருத்தி" என்ற தோரணையில் அவர்கள் நடத்தியது ஒன்று போதும். திரும்பி வந்து வரையத் தொடங்கியவர் அப்புறம் நிறுத்தவேயில்லை. தூண்களை விட்டுக் காட்டையே வரையுங்கள் என்று ஹாரிஸ் கடிதம் எழுத, அடர்ந்த கானகமும் திறந்த வானமும் அவர் விஷயமாயின.

இங்கேதான் பெட்ரோல் வருகிறது. கேன்வாஸும் ஆயில் கலரும் விலை அதிகம். காட்டுக்குள் சுமப்பதும் கஷ்டம். வாட்டர் கலரோ அவர் கைவேகத்துக்கு வலு பத்தவில்லை. என்ன செய்தார்? மலிவான மணிலா பேப்பரில், ஆயில் கலரோடு வீட்டுக்கு அடிக்கும் வெள்ளை பெயிண்டைச் சேர்த்து, பெட்ரோல் விட்டு இளக்கித் தீட்டினார். பெட்ரோல் சட்டென்று ஆவியாகிவிடும். பெயிண்ட் சீக்கிரம் காயும். நீர்த்த பெயிண்ட் ஆனதால் ஒரே வீச்சில் கை முழுநீளம் ஓடும். வானம் சுழல்வது போலவும் மரம் மூச்சு விடுவது போலவும் அவர் படங்களில் தெரிகிறதே, அந்த அசைவுக்கு இந்த இளக்கமும் ஒரு காரணம். காசில்லாத கொடுமை ஒரு டெக்னிக்காக மாறியது. (லேபில் முயற்சி செய்ய வேண்டாம், தீப்பிடிக்கும்.)

1933-ல் பழைய வண்டி வீடு ஒன்றை வாங்கி 'யானை' என்று பெயர் வைத்தார். இன்ஜின் கிடையாது. யாரையாவது விட்டு இழுத்துப் போய்க் காட்டோரம் நிறுத்தி, நாய்களோடும் 'வூ' என்ற குரங்கோடும் வாரக்கணக்கில் தங்கி வரைவார். மரம் வெட்டி மொட்டையான நிலங்களையும் விடவில்லை. வியாபாரி வேண்டாமென்று ஒதுக்கிய ஒற்றை நெட்டை மரம் வானத்தைத் தொட்டு நிற்கும் 1935-ஆம் வருஷப் படம் அவர் வரைந்ததில் முக்கியமானது.

1937-ல் மாரடைப்பு. காட்டுக்குப் போவது குறைந்ததும் பேனாவை எடுத்தார். 1941-ல் வந்த முதல் புத்தகம் 'க்ளீ விக்'. பூர்வகுடியினர் அவருக்கு வைத்த பெயர் அது, 'சிரிக்கிறவள்' என்று பொருள். கவர்னர் ஜெனரல் விருது அதற்குக் கிடைத்தது. 1945 மார்ச் 2-ல் காலமானார்.

ஒன்றை மறைக்கக்கூடாது. அந்த மக்களின் கலை அழிந்துபோகும் என்று அவர் நினைத்தது தப்பாயிற்று. அவர்களின் பாட்லாட்ச் விழாவை அரசாங்கம் 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்தும், கலை சாகவில்லை. 2013-ல் ஹைடா க்வாய் தீவில் ஹைடா சிற்பிகள் புதுத் தூண் ஒன்றைச் செதுக்கி நிறுத்தினார்கள். அதே 2013-ல் எமிலியின் படம் ஒன்று முப்பத்து மூணு லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

சங்கத்துப் பெண்மணிகள் அவரை வேண்டாமென்று அனுப்பிய வான்கூவரில், ஊர் ஓவியக் கல்லூரிக்கு 1978-ல் எமிலி கார் பெயரை வைத்தார்கள். 2008 முதல் அது பல்கலைக்கழகம்.