உழைக்கும் கைக்கு ஏற்ற கைக்கடிகாரம்

கைக்கடிகாரத்தை ஓர் அணிகலனாகக் கருதிய காலம் உண்டு. திருமணத்தில் மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டார் அணிவிப்பதும், பின்னர் அதனைப் பெட்டியில் பூட்டி வைத்துத் திருவிழா நாட்களில் மட்டும் எடுத்துக் கட்டிக்கொள்வதும் நம் ஊர்களில் வழக்கமாக இருந்தன. ஆனால் தறியிலும் வயலிலும் உழைக்கும் அங்கத்தினருக்கு அது அணிகலன் அன்று. நாடாவையும் மண்வெட்டியையும் போல அதுவும் ஒரு கருவியே. கருவி வாங்கும்போது எவரும் அழகை முதலில் பார்ப்பதில்லை. எத்தனை நாள் உழைக்கும், பழுதுற்றால் சீர்செய்ய இயலுமா, கொடுத்த பணத்திற்கு ஈடாகுமா என்றே பார்க்கின்றனர். அதே கண்கொண்டு கைக்கடிகாரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கு விளக்க முற்படுகிறோம்.

செல்பேசி இருக்கக் கடிகாரம் எதற்கு?

இக்கேள்வி நியாயமானதே. ஆயினும் சாயத்தொட்டியில் நூலை முக்கிப் புரட்டிக்கொண்டிருப்பவர், சாயம் தோய்ந்த கையோடு சட்டைப் பையிலிருந்து செல்பேசியை எடுக்க முடியாது. குறித்த நிமிடத்திற்கு மேல் ஒரு சிட்டம் தொட்டியில் நின்றாலும், குறைவாக நின்றாலும், அடுத்த சிட்டத்தோடு நிறம் ஒவ்வாது போகும். அவ்வேறுபாடு சேலை நெய்து முடிந்த பின்னரே கண்ணுக்குத் தெரியும். அதற்குள் நூலும் கூலியும் செலவாகியிருக்கும். முறைவைத்து வாய்க்கால் நீர் பாய்ச்சும் ஊர்களில், தம் முறை தொடங்கும் நேரத்தை அரைமணி தவறவிட்டவர் அவ்வளவு நீரையும் இழக்கிறார். ஈரக்கையோடும் சேற்றுக்கையோடும் நேரம் பார்க்க வேண்டிய தொழில்களில், மணிக்கட்டில் உள்ள கடிகாரத்தின் பயன் இன்றும் குறையவில்லை.

விலை எதற்காகக் கொடுக்கிறோம்?

1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் ஜப்பானில் சீக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விலை 4,50,000 யென். அக்காலத்தில் ஒரு சிறு மோட்டார் காருக்குக் கொடுக்கும் தொகை அது. படிகத்துண்டு ஒன்று மின்கலத்தின் விசையால் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அவ்வதிர்வைப் பதினைந்து முறை பாதி பாதியாகக் குறைத்தால் நொடிக்கு ஒன்று என்ற கணக்குக் கிடைக்கும். குவார்ட்ஸ் கடிகாரத்தின் சூத்திரம் இவ்வளவே.

இன்று அதே சூத்திரம் சில நூறு ரூபாய்க் கடிகாரத்திலும் இயங்குகிறது. சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்திற்கு 15 முதல் 30 நொடி வரையே முன்பின்னாகும். சாவி கொடுக்கும் கடிகாரங்களும், கையசைவில் தானே சாவி ஏறும் கடிகாரங்களும் ஒரு நாளிலேயே சில நொடிகள் விலகக்கூடியவை. ஆகவே சரியான நேரம் வேண்டும் என்பதற்காக மிகுந்த விலை கொடுக்கத் தேவையில்லை. நேரம் மலிந்துவிட்டது, அதனைக் காக்கும் கூடுதான் கடிகாரத்திற்குக் கடிகாரம் வேறுபடுகிறது. உழைப்பாளி கொடுக்கும் விலை கூட்டிற்கான விலை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், மற்றவை எளிதில் விளங்கும்.

தண்ணீர்

கூட்டின் முதற்கடமை தண்ணீரை உள்ளே விடாமை. கடிகாரத்தின் பின்மூடியிலோ முகப்பிலோ 30, 50, 100 மீட்டர் என்றும், அல்லது 3, 5, 10 பார் என்றும் பொறித்திருப்பர். பத்து மீட்டர் நீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். ஆனால் 30 மீட்டர் என்று கண்டால் 30 மீட்டர் ஆழத்தில் மூழ்கலாம் என்று கொள்வது தவறு. அது அசையாத நீரின் அழுத்தத்தைக் கொண்டு குறிக்கும் அளவு. கையை வீசி நீந்தும்போதும், குழாய் நீர் விசையோடு பாயும்போதும் நிலைமை வேறு.

நடைமுறையில் இவ்வாறு கொள்ளலாம். 30 மீட்டர்க் கடிகாரம் மழைத்தூறலையும் கைகழுவும் நீரையும் தாங்கும். 50 மீட்டர் சிறிது நேரக் குளியலையும் தாங்கும். கிணற்றில் நீந்துவோரும், வாய்க்காலில் இறங்கி மடை திறப்போரும், சாயத்தொட்டியில் கைவிடுவோரும் 100 மீட்டருக்குக் குறையாமல் வாங்குவது நலம். எதுவும் பொறிக்கப்படாத கடிகாரத்தை ஈரத்திலிருந்து விலக்கியே வைக்க வேண்டும்.

நீரைத் தடுப்பது பின்மூடிக்குள் உள்ள சிறு ரப்பர் வளையம். வெந்நீராலும் சோப்பாலும் காலத்தாலும் அது இறுகிவிடும். மின்கலம் மாற்றும்போது அவ்வளையம் முறுக்கின்றிப் பள்ளத்தில் அமர்ந்ததா என்று அருகிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பிசகி அமர்ந்தால் 100 மீட்டர்க் கடிகாரமும் முதல் மழையிலேயே நீர் ஏற்றுவிடும். நீருக்குள் பொத்தான்களை அழுத்துவதும் கூடாது.

அடியும் அதிர்வும்

தறியில் பலகை அடிக்கும் ஒவ்வொரு முறையும் நெசவாளரின் மணிக்கட்டு அதிர்கிறது. ஒரு நாளில் அது ஆயிரக்கணக்கில் ஆகும். கட்டாந்தரையில் மண்வெட்டி பட்டாலும் அவ்வாறே. பற்சக்கரங்களும் மெல்லிய அச்சுகளும் கொண்ட கடிகாரம் இவ்வதிர்வில் விரைவில் தளரும். முள்ளின்றி எண்களால் நேரம் காட்டும் கடிகாரத்தில் அசையும் உறுப்புகள் இல்லாமையால் அது கூடுதலாகத் தாங்கும்.

அடிதாங்கும் கடிகாரத்திற்குப் பேர்போன ஜி-ஷாக் 1983இல் வெளிவந்தது. ஜப்பானின் கேசியோ நிறுவனப் பொறியாளர் கிகுவோ இபே அதனை உருவாக்கினார். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையாமை, பத்து பார் நீரழுத்தம் தாங்குதல், பத்து ஆண்டு ஓடும் மின்கலம் என்பவை அவர் வைத்த மூன்று இலக்குகள். இருநூறுக்கும் மேற்பட்ட மாதிரிகளைக் கீழே போட்டு உடைத்த பின்னரே வழி பிறந்தது. துள்ளும் ரப்பர்ப் பந்தின் நடுவில் ஒரு பொருள் இருந்தால் அதற்கு அடி எட்டாது என்ற எண்ணத்தில், உள்ளியந்திரம் கூட்டோடு ஒட்டாமல் சில புள்ளிகளில் மட்டும் தாங்கி நிற்குமாறு அமைத்தார்.

அக்கடிகாரத்தின் விலை நம்மில் பலருக்கு எட்டாது. எட்ட வேண்டிய அவசியமும் இல்லை. அதன் பாடம் மட்டும் போதும். சுற்று விளிம்பு கண்ணாடியைவிடச் சற்று உயர்ந்திருந்தால், கவிழ்ந்து விழும்போது அடியை விளிம்பு ஏற்கும், கண்ணாடி தப்பும். பொத்தான்கள் விளிம்புக்குள் பதிந்திருந்தால் அவையும் தப்பும். கடையில் கடிகாரத்தைக் குப்புற வைத்துப் பார்த்தாலே இது புலப்படும்.

கண்ணாடியும் பட்டையும்

முகப்புக் கண்ணாடி மூவகைப்படும். பிளாஸ்டிக் எளிதில் கீறும், எளிதில் உடையாது, கீறலைத் தேய்த்து மெருகேற்றவும் முடியும். கனிமக் கண்ணாடி கீறலைச் சற்றுத் தாங்கும். பலமான அடியில் உடையும். நீலக்கல் எனப்படும் சஃபையர் கடினத்தில் வைரத்திற்கு அடுத்த வரிசையில் நிற்பது, விலையும் அதிகம். ஆற்று மணலில் உள்ள படிகத் துகள் முதலிரண்டையும் கீறவல்லது. ஆகவே மண்ணில் உழைப்போர் கீறல் விழும் என்று ஏற்றுக்கொண்டு பிளாஸ்டிக் முகப்பை வாங்குவதே சிக்கனம்.

பட்டையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. நெசவாளருக்கோ அது மிகவும் முக்கியம். உலோகக் கண்ணிப் பட்டையின் இடுக்கிலும், துருத்திய குமிழிலும், கூரான கொக்கியிலும் பட்டுப்பாவின் இழை சிக்கினால் அறுந்துபோகும். கடிகாரத்தால் அறுந்த இழையைப் பிணைக்கச் செல்லும் நேரமும் நெசவாளரின் கூலியே. வழவழப்பான ரப்பர் அல்லது பிசின் பட்டையே தறிக்கு ஏற்றது. இவை வியர்வையாலும் வெயிலாலும் சில ஆண்டுகளில் வெடிக்கும். எனவே 18, 20, 22 மில்லிமீட்டர் என்ற பொது அளவுகளில் மாற்றுப் பட்டை கிடைக்குமா என்று கேட்டுக்கொள்க. தனி வடிவப் பட்டை கொண்ட கடிகாரத்தின் பட்டை அறுந்தால், நல்ல கடிகாரமும் பரணில் ஏறிவிடும்.

பூச்சிமருந்து தெளிக்கும் நாளில் கடிகாரத்தைக் கழற்றி வைத்தல் வேண்டும். மருந்தில் கலந்துள்ள கரைப்பான்கள் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். பட்டைக்கும் தோலுக்கும் இடையில் மருந்து தங்கி நிற்பது உடலுக்கும் தீங்கு.

எந்த வசதிகள் வேண்டும்?

வசதிகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். சந்தையில் மலிவாக விற்கும் சில கடிகாரங்களின் முகப்பில் மூன்று சிறு வட்டங்கள் தோன்றும்; அவை வெறும் அச்சு, முள் நகராது. தொழிலுக்கு உதவும் வசதிகள் நான்கு: குறித்த நிமிடம் கழிந்ததும் ஒலிக்கும் இறங்குநேரக் கணக்கி, அழைப்பு மணி, இரவில் ஒளிரும் விளக்கு, நாட்காட்டி. சாயமிடுவோருக்கும் நீர் பாய்ச்சுவோருக்கும் இவற்றுள் முதலாவதே பெரிதும் பயன்படும்.

எடுத்துக்காட்டாக, கேசியோவின் இரு கடிகாரங்களை ஒப்பிடலாம். 1989இல் வெளிவந்த எஃப்-91டபிள்யூ 21 கிராம் எடையே உள்ளது. அதன் மின்கலம் சுமார் ஏழாண்டு ஓடும். அழைப்பு மணியும் நிறுத்துகடிகாரமும் உண்டு. இறங்குநேரக் கணக்கி இல்லை. நீர்த்தெறிப்பை மட்டுமே தாங்கும். லீப் ஆண்டு என்பதை அது அறியாது; நான்காண்டுக்கு ஒருமுறை பிப்ரவரி 29 அன்று தேதியை நாமே திருத்த வேண்டும். ஏஇ-1200டபிள்யூஎச் அதனினும் விலை கூடியது. 100 மீட்டர் நீரழுத்தம், பத்தாண்டு மின்கலம், இறங்குநேரக் கணக்கி, ஐந்து அழைப்பு மணிகள், தானே திருந்தும் நாட்காட்டி ஆகியவை உள்ளன. உலக நகரங்களின் நேரத்தையும் அது காட்டும். அது நமக்கு எப்போதோ வேண்டுவது. உலர்ந்த தறிமேடைக்கு முன்னது போதும். சாயத்தொட்டிக்கும் வாய்க்காலுக்கும் பின்னதே தகும்.

முள் கடிகாரமே வேண்டுவோர்க்கும் வழியுண்டு. நம் மாநிலத்து ஓசூரில் தொழிற்சாலை கொண்ட டைட்டன், டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி 1984இல் தொடங்கியது. அதன் சொனாட்டா வகையில் எளிய விலைக் கடிகாரங்கள் கிடைக்கின்றன. அவற்றிலும் மேற்சொன்ன சோதனைகளைச் செய்தே வாங்க வேண்டும்.

தொடுதிரை கொண்ட திறன்கடிகாரங்களைப் பலவற்றைச் சில நாளுக்கு ஒருமுறை மின்னேற்ற வேண்டும். அவற்றில் ஐ.பி. 68 என்று இருப்பது 50 மீட்டர் என்பதற்கு ஈடன்று. உள்ளிருக்கும் மின்கலம் தேய்ந்தால் மாற்றுவதும் எளிதன்று.

தேய்மானக் கணக்கு

சங்கத்தின் தளவாடங்களுக்குத் தேய்மானம் கணக்கிடுவது போலவே இதற்கும் கணக்கிடலாம். கணக்கு விளங்குவதற்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். நீர் தாங்காத 400 ரூபாய்க் கடிகாரம் ஒன்றரை ஆண்டு உழைத்தால், பத்தாண்டில் ஏழு வாங்க வேண்டும். மொத்தம் 2,800 ரூபாய். 1,500 ரூபாய்க்கு உறுதியான கடிகாரம் ஒன்று வாங்கி, இடையில் மின்கலத்திற்கு 200 ரூபாயும் இரு பட்டைகளுக்கு 400 ரூபாயும் செலவிட்டால் மொத்தம் 2,100 ரூபாய். முன்னது ஆண்டுக்கு 280, பின்னது 210. கையிலிருந்து முதலில் போகும் தொகையை மட்டும் பார்ப்பவருக்கு முன்னதே மலிவு. பத்தாண்டுப் பேரேட்டைப் பார்ப்பவருக்குப் பின்னதே மலிவு. தவணைக்கு வாங்குவோர் வட்டியையும் விலையோடு சேர்த்து இக்கணக்கைப் போட வேண்டும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

பெட்டியின் மீது தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அச்சிடப்பட்டிருத்தல் வேண்டும். பெயர்பெற்ற கடிகாரங்களுக்குப் போலிகள் மிகுதி. உரிய விலையில் பாதிக்கும் குறைவாகக் கேட்டால் ஐயுற வேண்டும். ரசீதும் உத்தரவாதச் சீட்டும் விற்ற தேதியோடு பெற்றுக்கொள்க. ரசீது இல்லாத பொருளுக்கு முறையீடு செய்வது கடினம். உத்தரவாதக் காலத்தில் கடைக்காரர் கைவிரித்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

கடிகாரத்தைக் கையில் எடுத்ததும் பின்மூடியில் நீரளவு, விளிம்பின் உயரம், பட்டையின் அகலம், மின்கலத்தின் ஆயுள் ஆகிய நான்கையும் பார்த்துவிட்டுக் கடைசியாக முகப்பின் அழகைப் பார்க்க வேண்டும். இவ்வரிசையை மாற்றாதவர் தம் கூலியை வீணாக்க மாட்டார். இரவும் பகலும் உழைத்து ஈட்டிய பணம் எத்தனை ஆண்டு மணிக்கட்டில் நிற்கும் என்பதே அங்கத்தினர்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி.