இட்லித் தட்டை எப்படி அடுக்குவீங்க?

வீடியோ கேம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? துப்பாக்கி, கார் பந்தயம், பூதத்தைத் துரத்துவது... அப்படித்தானே? இட்லி அவிக்கிற கேம் ஒன்று இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

அதன் பெயர் 'வெண்பா'. கனடாவின் டொரன்டோ நகரில் இருக்கும் 'விசை கேம்ஸ்' என்ற சின்னக் குழு உருவாக்கி, 2023 ஜூலை 31-ல் வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன ஒரு குடும்பத்தின் கதை இது. அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். இவ்வளவுதான் கதாபாத்திரங்கள்!

கதை 1988-ல் தொடங்குகிறது. ஊரிலிருந்து அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு ஒன்று வெண்பாவிடம் இருக்கிறது. பாவம், அது கிழிந்து, எழுத்தெல்லாம் அழிந்து கிடக்கிறது. அழிந்த இடத்தில் என்ன எழுதியிருக்கும் என்று மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டியது நீங்கள்தான்.

முதல் சோதனையே இட்லி. மாவு ஊற்றுவது சுலபம். தட்டுகளை அடுக்குவதில்தான் இருக்கிறது சூட்சுமம்! கீழ்த்தட்டின் குழிக்கு நேர் மேலே அடுத்த தட்டின் குழி உட்கார்ந்தால் இட்லி நசுங்கிவிடும். மாற்றி மாற்றித் திருப்பி வைத்தால்தான் இட்லி உப்பி எழ இடம் கிடைக்கும். துளை வழியே ஆவியும் தாராளமாக மேலே ஏறும். தப்பாக அடுக்கினால் தண்டனையெல்லாம் இல்லை. சிரித்துவிட்டு, முதலிலிருந்து செய்யலாம். புட்டு, பிரியாணி என்று அடுத்தடுத்த சோதனைகள் வருகின்றன.

இட்லி என்றால் கோவைக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. 1955-ல் மாவாட்டும் வெட் கிரைண்டரை உருவாக்கிய பி. சபாபதி நம்ம ஊர்க்காரர். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. சரி, கேமுக்கு வருவோம்.

சமையலுக்கு நடுவே மூவரும் பேசிக்கொள்வார்கள். என்ன பதில் சொல்வது என்று சில இடங்களில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரு ரகசியம்: எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தாலும் கதை பெரிதாகத் தடம் மாறாது. 'இதென்ன ஏமாற்று வேலை!' என்கிறீர்களா? நம் வீட்டிலும் அப்படித்தானே நடக்கிறது! "சாப்பிட்டியா கண்ணு?" என்று அம்மா கேட்கிறார். "சாப்பிட்டேன்" என்றாலும், "பசிக்கலை" என்றாலும் தட்டில் நாலு இட்லி வந்து விழத்தான் போகிறது. நீங்கள் வெடுக்கென்று சொன்னீர்களா, சிரித்துக்கொண்டே சொன்னீர்களா என்பதில்தான் அம்மாவின் முகம் மாறும். இந்த கேமிலும் அதேதான்.

கவின் வளர வளர, சிக்கலும் வளர்கிறது. நண்பர்கள் அவனை 'கெவின்' என்று கூப்பிடுகிறார்கள். அம்மா தமிழில் கேட்டால், இவன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். முதலில் வேடிக்கையாக இருக்கும். பிறகு ஒரு கட்டத்தில் கேம் உங்களைக் கவினாக மாற்றிவிடுகிறது. அதே சமையல் நோட்டு, அதே தமிழ் எழுத்து. ஆனால் கவினுக்குத் தட்டுத் தடுமாறித்தான் படிக்க வருகிறது! இத்தனை நேரம் கரண்டி பிடித்து விளையாடிய உங்களுக்கே அப்போது சுருக்கென்று இருக்கும். முடிவைச் சொல்ல மாட்டேன்.

சமைக்கும்போது ரேடியோவில் வரும் பாட்டுகளும் பிரமாதம். அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டு பாணியிலேயே புதிதாக இசையமைத்திருக்கிறார்கள். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, சிறந்த அறிமுக கேமுக்கான விருதை இதற்குத்தான் கொடுத்தது.

குறை இல்லாமல் இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இன்னும் நாலு பலகாரம் சேர்த்திருக்கலாம். புட்டைச் சேர்த்தவர்களுக்கு, நம்ம ஊர் சந்தகை கண்ணில் படவில்லையே!

கம்ப்யூட்டரிலும் விளையாடலாம். விளையாடும்போது உங்கள் அம்மாவையோ, அம்முச்சியையோ பக்கத்தில் உட்கார வையுங்கள். இட்லித் தட்டு வரும்போது மவுஸை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். எத்தனை நொடியில் அடுக்குகிறார்கள் என்று பார்ப்போம்!