நீல நங்கூரம் பொறித்த கதவுகள்

கியூபாவில் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தம் வீட்டின் ஓரிரு அறைகளை வாடகைக்கு விடும் குடும்பங்களின் இல்லங்கள் ‘காஸா பர்த்திகுலார்’ எனப்படுகின்றன. ஸ்பானிய மொழியில் இதற்குத் ‘தனியார் வீடு’ என்பதே பொருள். விடுதி என்ற சொல்லே இப்பெயரில் இல்லை. ஆலை முதல் அங்காடி வரை பெரும்பாலும் அரசின் கையில் இருந்த நாட்டில் ‘தனியார்’ என்ற அடைமொழிக்குத் தனிக் கனம் உண்டு.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, மலிவாகக் கிடைத்துவந்த எண்ணெயையும் கூடுதல் விலை கொடுத்துச் சர்க்கரை வாங்கிய சந்தையையும் ஒருசேர இழந்த கியூபா, அரசு ‘சிறப்புக் காலம்’ என்று பெயர் சூட்டிய கடும் தட்டுப்பாட்டில் விழுந்தது. அந்நியச் செலாவணிக்கு வேறு வழி தெரியாத அரசு சுற்றுலாவுக்குக் கதவு திறந்ததோடு, குடிமக்கள் டாலர் வைத்திருப்பதையும் 1993இல் அனுமதித்தது. வந்த பயணிகளுக்குச் சில வீட்டார் ஓசையின்றி அறை கொடுக்கத் தொடங்க, தடுக்க முடியாத அவ்வழக்கத்தை 1997இல் சட்டம் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. உரிமம் பெற்ற வீட்டின் கதவில் நங்கூரத்தை ஒத்த நீலச் சின்னம் ஒட்டப்பட்டது. உள்நாட்டவருக்கு விடும் வீடுகளில் அதே சின்னம் சிவப்பாக இருக்கும். பயணி உள்ளே நுழைந்ததும் பெரிய பதிவேடு ஒன்று விரிக்கப்பட்டு, கடவுச்சீட்டின் விவரங்கள் எழுதப்பட்டு, கையொப்பம் பெறப்படும். காப்பி அதற்குப் பிறகுதான் வரும்.

அறையின் வாடகையால் மட்டும் வீட்டார் செழிப்பதில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் மாதந்தோறும் அறைக்கு இவ்வளவு என்று நிலையான வரி கட்ட வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்ததால், ஆள் வராத பருவத்தில் கைப்பொருள் கரைந்துவிடும். ஆகவே தனிக் கட்டணத்தில் தரப்படும் காலையுணவும் இரவுணவுமே பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தன. மேசையில் பப்பாளி, அன்னாசி, கொய்யா ஆகியவற்றின் துண்டுகள், முட்டை, ரொட்டி, பழச்சாறு, அடுப்பின்மேல் வைக்கும் சிறு உலோகக் குடுவையில் கொதித்தேறிய காப்பி என்று தட்டுகள் நிறைந்திருக்கும். (ஹவானாவில் பப்பாளியை ‘ஃப்ருத்தா போம்பா’ என்றே கேட்க வேண்டும், ‘பப்பாயா’ என்பது அங்கே கொச்சைச் சொல்.) 1962இல் தொடங்கிய பங்கீட்டு அட்டை அரிசி, அவரை, சர்க்கரை, சில முட்டைகள் என்று அளந்து தரும் நாட்டில், இவ்வளவும் ஒரே மேசைக்கு வந்து சேர்வதற்குள் வீட்டார் எத்தனை வரிசைகளில் நின்றனர், எத்தனை பேரிடம் சொல்லிவைத்தனர் என்பது தட்டில் தெரிவதில்லை. அரசின் பிடியிலுள்ள சரக்கான சிங்கி இறாலை இரவுணவுக்கு வேண்டுமா என்று கேட்கும்போது மட்டும் பல வீடுகளில் குரல் தாழ்ந்துவிடும்.

வீடுகளுக்கும் ஒரு கதை உண்டு. 1960ஆம் ஆண்டின் நகர்ப்புறச் சீர்திருத்தச் சட்டத்தால் குடியிருந்த வீட்டுக்கே உரிமை பெற்ற குடும்பங்களால் 2011 வரை அதை விற்க இயலவில்லை, ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ள மட்டுமே முடிந்தது. எனவே நல்ல தெருவில் வீடு அமைவது பெரும்பாலும் பழைய நல்லூழே. ஹவானாவின் உயர்ந்த கூரையுள்ள அறைகளுக்குள் இடைத்தளம் ஒன்றைச் செருகி, அதற்குப் ‘பார்பகோவா’ என்று பெயரிட்டு, ஒரு தலைமுறை கீழேயும் மறு தலைமுறை மேலேயும் வாழ்கின்றன. 1514இல் நிறுவப்பட்ட திரினிதாத் நகரில் கம்பியிட்ட நெடிய சன்னல்களும் நடுமுற்றமும் கொண்ட பழைய இல்லங்களே அறைகளாகின்றன. சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த புகையிலைப் பள்ளத்தாக்கான வின்யாலெஸில் சிறிய ஓரடுக்கு வீட்டின் திண்ணையும் அதில் கிடக்கும் இரண்டு ஆடும் நாற்காலிகளும் போதுமானவை.

தம் வீடு நிறைந்துவிட்டால் வீட்டார் பயணியைத் திருப்பி அனுப்புவதில்லை. பக்கத்துத் தெருவிலோ அடுத்த ஊரிலோ உள்ள தெரிந்த வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லி, பேருந்து நிலையத்தில் பெயர்ப்பலகையோடு ஒருவர் நிற்க ஏற்பாடு செய்துவிடுவர். அங்கேயே இடைத்தரகர்களும் காத்திருப்பார்கள். அவர்கள் அழைத்துவரும் பயணிக்காக இரவுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் தரகு தர வேண்டும், அதுவும் வாடகையில் ஏறிவிடும்.

2000களில் ஓர் அறையின் ஓர் இரவு வாடகை இருபது, முப்பது டாலராக இருக்க, அரசு மருத்துவரின் மாதச் சம்பளமும் ஏறக்குறைய அவ்வளவே இருந்தது. மருத்துவமனை வேலையை விட்டுப் படுக்கை விரிப்பு மாற்ற வந்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் குளியலறை கட்டவும் குளிர்சாதனம் வாங்கவும் முதல் வேண்டும். அது பெரும்பாலும் கடல் கடந்த உறவினரிடமிருந்து வந்தது. ‘ஃபே’ இருந்தால் பிழைக்கலாம் என்று கியூபர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அச்சொல் நம்பிக்கையையும் குறிக்கும், ‘வெளிநாட்டிலுள்ள குடும்பம்’ என்ற தொடரின் முதலெழுத்துகளாகவும் அமையும். புரட்சிக்குப் பின் நாட்டை விட்டுச் சென்றவர்களில் வெள்ளையர் மிகுதி என்பதால், கறுப்பினக் குடும்பங்களுக்கு அந்த ‘ஃபே’ குறைவாகவே வாய்த்தது. சமத்துவம் பேசிய நாட்டில் நீலச் சின்னம் எந்தக் கதவுகளில் ஏறியது என்பதை இது ஓரளவு விளக்குகிறது.

2015இல் ஏர்பிஎன்பி நிறுவனம் இவ்வீடுகளைத் தன் பட்டியலில் சேர்த்தபோது அமெரிக்கப் பயணிகள் பெருகினர். பின்னர் வாஷிங்டனின் கட்டுப்பாடுகளாலும் பெருந்தொற்றாலும் குறைந்தனர். 2024 அக்டோபரில் நாடு முழுவதும் மின்கட்டமைப்பு செயலிழந்தது. மின்வெட்டு அன்றாடமாகிவிட்ட நிலையில், முன்பு குளிர்சாதனத்தையும் கடல்காட்சியையும் சொல்லி அழைத்த வீட்டார், மின்கலமோ மின்னாக்கியோ தம்மிடம் உண்டு என்பதை முதலில் சொல்லத் தொடங்கியுள்ளனர்.