‘மோட்டார் போச்சு’ என்றால் உடனே நம்பாதீர்கள்

பழைய தையல் மெஷின் வேகம் குறைந்துவிட்டது என்று பழுதுபார்க்கக் கொண்டுபோனால், பல கடைகளில் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் வரும் பதில், "மோட்டார் போச்சு, வேற போட்டுடலாம்" என்பதுதான். பணம் போகிறது. பல வேளைகளில் நன்றாக இருந்த பழைய மோட்டாரும் காயலான் கடைக்குப் போய்விடுகிறது. வேகக் கோளாறு வந்தால் அது எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியும். சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும்.

கையில் தூக்கிச் செல்லும் பழைய மெஷின்களில் புகழ்பெற்ற சிங்கர் 221-ஐ எடுத்துக்கொள்வோம். ‘ஃபெதர்வெயிட்’ என்று அழைக்கப்படும் இது 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. 1960-களின் இறுதிவரை தயாரிக்கப்பட்டது. அலுமினிய உடல், எடை ஏறத்தாழ 5 கிலோ. அமெரிக்கா, கனடா, ஸ்காட்லாந்து ஆகிய நாடுகளின் தொழிற்சாலைகளில் உருவான இந்த மெஷின்கள் வெளிநாட்டு உறவினர் வழியாகவும் பழைய பொருள் வியாபாரிகள் வழியாகவும் இங்கும் வந்து சேர்கின்றன. நம் ஊர் மெஷினில் தனியாக மோட்டார் பூட்டித் தைப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

பிளக்கைச் செருகுவதற்கு முன்பே பார்க்க வேண்டியது மோட்டார் அருகிலோ மெஷினின் அடியிலோ உள்ள சிறு தகடு. எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அதில் அச்சடித்திருக்கும். அமெரிக்க மெஷினில் 110 வோல்ட், 0.4 ஆம்பியர் என்று காணலாம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நேரடியாகச் செருகினால் மெஷின் வெறிபிடித்தது போல் பறக்கும். "அட, நல்ல வேகம்!" என்று மகிழ்வதற்குள் சுருள் கருகிவிடும். அதற்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். 221-இன் மோட்டாரும் அதன் 15 வாட் பல்பும் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 60 வாட்தான் என்பதால், 100 வாட்டுக்குக் குறையாத ஒன்று போதும். பயணப் பைக்குள் அடங்கும் மலிவான எலெக்ட்ரானிக் கன்வெர்ட்டர்களைத் தவிருங்கள். அவை மோட்டாருக்கு ஏற்றவை அல்ல.

வோல்ட் சரி, ஆனாலும் மெஷின் மெதுவாக ஓடுகிறதா? பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். வழுவழுவென்று சுற்ற வேண்டும். ஓரிடத்தில் இறுகினாலோ முழுச் சுற்றும் கனமாக இருந்தாலோ கோளாறு இரும்பில்தான், மின்சாரத்தில் இல்லை. அடுத்து, பாபின் சுற்றும்போது செய்வதுபோல் சக்கரத்தின் நடுத் திருகைத் தளர்த்துங்கள். இப்போது ஊசி அசையாது, சக்கரம் மட்டும் சுழலும். மின்சாரம் கொடுத்து பெடலை அழுத்துங்கள். மோட்டார் ஜோராக ஓடினால் அதற்கு நோயில்லை. திருகை இறுக்கியதும் மறுபடி திணறினால் மெஷினின் உள்ளேதான் அடைப்பு. பெல்ட்டைக் கழற்றிய பிறகும் ஓடாமல் முனகினால் மட்டும் மோட்டார், பெடல் பக்கம் பாருங்கள். இந்த ஒரு சோதனையைக் கடைக்காரர் கண்முன்னே செய்யச் சொன்னால் போதும், தேவையில்லாத செலவு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

உள்ளே அடைப்பு என்றால் முதல் குற்றவாளி எண்ணெய். வீட்டில் கைக்கெட்டியது தேங்காய் எண்ணெய் என்று அதை விட்டவர்கள் நம் ஊரில் நிறைய. அது நாளடைவில் பிசுக்காகி, பிறகு வார்னிஷ் போல் இறுகிவிடும். பல வருடம் பயன்படுத்தாமல் வைத்த மெஷினில் நல்ல எண்ணெயும் இப்படித்தான் ஆகும். துளி மண்ணெண்ணெய் விட்டுக் கையால் சுற்றிச் சுற்றி அழுக்கைக் கரைத்து, துணியால் துடைத்து, அதன்பின் தையல் மெஷின் ஆயில் விட வேண்டும். பிளக் வெளியே இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். மோட்டாருக்குள் பொறி பறக்கும், மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும் பொருள். வாடை முற்றிலும் போன பிறகே மின்சாரம் கொடுங்கள்.

இரண்டாவது, நூல். பாபின் பெட்டியைக் கழற்றி, அதைச் சுற்றியுள்ள இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தால் கருத்த நூல்துண்டு ஒன்று வளையத்துக்குள் சிக்கியிருப்பது தெரியும். இடுக்கியால் இழுத்தால் சிலசமயம் விரல் நீளத்துக்கு வரும். துணியை நகர்த்தும் பற்களுக்குக் கீழே பஞ்சு கட்டியாக அடைந்திருக்கும். சக்கரத்தின் பின்புறத்திலும் நூல் சுற்றியிருக்கலாம். மூன்றாவது பெல்ட். தளர்ந்த பெல்ட் வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இறுகிய பெல்ட் மோட்டாரை இழுத்துப் பிடித்து வேகத்தைக் குறைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே உள்வாங்க வேண்டும்.

221 மோட்டாருக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. அதன் இரு கிரீஸ் குழாய்களில் மோட்டாரின் சூட்டில் மெல்ல உருகி இறங்கும் தனி ரகக் கிரீஸ்தான் போட வேண்டும். சாதாரண வண்டிக் கிரீஸ் அந்தச் சூட்டில் உருகாமல் குழாயிலேயே கிடக்கும். மெஷின் ஆயிலை ஊற்றினாலோ அது உள்ளே ஓடி, மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டுகள்மேல் படிந்து வேகத்தையே கெடுக்கும். "கிரீஸ் எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்பவரிடம் இந்த மெஷினைக் கொடுக்காதீர்கள்.

மோட்டார்தான் காரணம் என்று உறுதியானாலும் புது மோட்டார் வாங்கும் நிலை உடனே வந்துவிடாது. மோட்டாரின் இருபுறமும் உள்ள கருப்பு மூடிகளைத் திருகினால் ஸ்பிரிங்கோடு கார்பன் வெளியே வரும். அதன் முனை உள்ளே இருக்கும் உருளையின் வளைவுக்கு ஏற்பக் குழிந்து பளபளப்பாக இருந்தால் நல்லது. பாதிக்கு மேல் தேய்ந்திருந்தாலும், முனை உடைந்து எண்ணெய் படிந்திருந்தாலும் மாற்ற வேண்டும். நல்ல கார்பனைத் திரும்பப் போடும்போது எடுத்த பக்கத்திலேயே, எடுத்த திசையிலேயே போடுங்கள். சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளினால்தான் ஓடத் தொடங்குகிறது என்றால் கார்பனோ, உருளையின் ஒரு பட்டையோ சேதமாகியிருக்கலாம். லேசான நீலப் பொறி இயல்பு. ஆரஞ்சு நிறத்தில் வளையமாகத் தீ தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

பெடலில்தான் உண்மையான ஆபத்து ஒளிந்திருக்கிறது. பழைய பெடல்களில் பல, கார்பன் வில்லைகளை அடுக்கி வைத்துக் கட்டியவை. அழுத்த அழுத்த வில்லைகள் நெருங்கி மின்சாரம் கூடும். வில்லைகள் தேய்ந்தால் முதலில் எதுவும் நடக்காது, பிறகு திடீரென்று மெஷின் பாயும். ஊசிக்கு அடியில் விரல் இருக்கும் நேரத்தில் இது விளையாட்டு இல்லை. ஐரோப்பியப் பெடல்கள் பலவற்றில் வானொலி இரைச்சலைத் தடுக்க ஒரு கன்டென்சர் வைத்திருப்பார்கள். பல பத்தாண்டுகளில் அது வெடிப்புவிட்டு ஈரம் குடித்துக் கசியத் தொடங்கும். அப்போது பெடலைத் தொடாமலேயே மெஷின் மெல்ல ஓடும். சிலசமயம் படபடவென்று புகைந்துவிடும். தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் எக்ஸ்2 ரகக் கன்டென்சர் போடச் சொல்லுங்கள், சிறு செலவுதான். அதுவரை வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்காமல் எழுந்திருக்காதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இதில் சலுகையே கிடையாது.

ஒயரின் ரப்பர் வெடித்து உதிர்ந்தால், இன்சுலேஷன் டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம், முழுவதும் மாற்றுங்கள். இந்த மெஷின்களில் பெரும்பாலும் இரண்டு முள் பிளக்தான், எர்த் கிடையாது. உடலோ உலோகம். ஓடும்போது டெஸ்டரை உடலில் வைத்து ஒளிர்ந்தால் அன்றோடு தையலை நிறுத்திவிடுங்கள்.

இனி உரிமை. பணம் கொடுத்துப் பழுதுபார்க்கச் சொன்னால் அது சேவை, நீங்கள் நுகர்வோர். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். "தொழிலுக்கு வாங்கினீங்க, அதனால் வழக்குப் போட முடியாது" என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கத்தில் வாங்கியதாக அந்தச் சட்டம் கருதுவதில்லை. வீட்டில் தைத்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ரசீது தர மறுப்பது அதே சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. ரசீதில் காலவரம்பு எழுதியிருக்காவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது.

ஆகவே மெஷினை ஒப்படைக்கும்போதே என்ன கோளாறு, என்ன செய்யப்போகிறார்கள், எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். தகட்டையும் வரிசை எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள். மோட்டார் மாற்றியதாகச் சொன்னது உண்மையா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. பழைய மெஷினை வியாபாரியிடம் வாங்கும்போது "ஓடும் நிலையில், இத்தனை வோல்ட்" என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். தனிநபர் வீட்டில் ரசீதில்லாமல் வாங்கினால் பிறகு நிவாரணம் கேட்பது கடினம். அங்கே ஓட்டிப் பார்த்தே பணம் கொடுங்கள்.

பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இணையத்திலும் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். சிறிய தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். ரசீது, போட்டோ, பழைய பாகம் ஆகிய மூன்றையும் ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்தி, முதல் வேலையாக 1915-ஐ அழையுங்கள்.