உங்களுக்குத் தெரியுமா? பெட்டி கட்டிய கோல்கீப்பர்

ஃபிஃபாவின் 6 கண்டக் கூட்டமைப்புகளிலும் தொழில்முறையாக ஆடிய முதல் கால்பந்து வீரர், ஜெர்மனியின் லுட்ஸ் ஃபானென்ஸ்டீல். சிங்கப்பூர், நியூசிலாந்து, கனடா என 20-க்கும் மேற்பட்ட கிளப்புகள்! 2008-இல் பிரேசில் கிளப் ஒன்றில் சேர்ந்ததும் 6 கூட்டமைப்புகளின் கணக்கும் நேரானது. பெரிய கோப்பைகள் கிடைக்கவில்லை. பெட்டி கட்டுவதில் மனுஷர் மன்னன்.

2002 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் நடந்த ஆட்டத்தில், எதிரணி வீரரின் முழங்கால் இவர் மார்பில் மோதியது. 3 முறை மூச்சு நின்றது. பிசியோதெரபிஸ்ட் வாயோடு வாய் வைத்து ஊதிப் பிழைக்க வைத்தார். அதன் பிறகும் கையுறையைக் கழற்றவில்லை!

பின்னர் நமீபியாவில் பயிற்சியாளர் ஆனார். ஜெர்மனியின் ஹோஃபன்ஹைம் கிளப்புக்கு வீரர்களைத் தேடித் தந்தார். பிறகு, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் சிட்டி கிளப்பில் விளையாட்டு இயக்குநராக இருந்தார். 2023-இல் அந்நாட்டின் முதன்மை லீக்கில் புதிதாக இறங்கிய அந்த அணி, முதல் 5 ஆட்டங்களையும் வென்றது.