தரைக்கு ஏற்ற துடைப்பம்

திருவதிகை வீரட்டானத்துத் திருக்கோயிலில் திலகவதியார் விடியுமுன் எழுந்து திருவலகிட்டதையும், பசுஞ்சாணம் கொண்டு மெழுகியதையும், மலர் கொய்து மாலை தொடுத்ததையும் பெரியபுராணம் போற்றிப் பேசுகிறது. அவருடைய தம்பியாராகிய திருநாவுக்கரசர் கையில் ஏந்தியதோ உழவாரப்படை. புல்லைச் செதுக்க உழவாரம். தூசியை அகற்ற அலகு. மண் தரையை மெழுகச் சாணம். இன்ன பணிக்கு இன்ன கருவி என்பதை நன்கறிந்தே முன்னோர் தொண்டு செய்தனர். இல்லத்துக் கூடத்திற்கும் பூசையறைக்கும் இந்நெறி பொருந்தும்.

மண் தரை மறைந்து கல்லும் ஓடும் வந்துவிட்ட இக்காலத்தில், பொருந்தாத கருவி தரையின் பொலிவைக் கெடுக்கிறது. அதனினும் பெரிய தீங்கு, ஈரம் உலராத தரையில் முதியோர் வழுக்கி விழுவது. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் பல மாதங்கள் படுக்கையில் கிடக்க நேரும். ஆகவே துடைப்பம் வாங்குவதையும் சிறு செய்தியென்று ஒதுக்கலாகாது.

தரையை அறிதல்

சலவைக்கல், கடப்பைக்கல் இரண்டும் சுண்ணாம்புச் சத்து மிக்கவை. எலுமிச்சை, புளி, வினிகர், அமிலம் ஆகியவை பட்டால் மேற்பரப்பு அரிக்கப்பட்டு மங்கிவிடும். மொசைக், சிவப்புக் காவித் தரை, ஆத்தங்குடிக் கல் ஆகியவற்றில் சிமெண்ட் கலந்திருப்பதால் அவற்றுக்கும் அமிலம் ஆகாது. இவற்றுக்கு வெறும் நீரோ, மென்மையான சோப்பு சில துளிகள் கலந்த நீரோ போதும். கிரானைட்டும் விட்ரிஃபைடு டைல்ஸும் எளிதில் கறை ஏற்காதவை. ஆயினும் ஈரமானால் பெரிதும் வழுக்குபவை.

பெருக்கும் கருவி

வீட்டினுள் வழவழப்பான தரைக்குப் பூந்துடைப்பமே சிறந்தது. மேகாலயம் முதலிய வடகிழக்கு மலைப்பகுதிகளில் விளையும் புல்லின் பூங்கதிர்களால் ஆனது அது. புதிதாக வாங்கியதை வெளியே தட்டி, உதிரும் பூந்தூளைப் போக்கிய பின்னரே உள்ளே பயன்படுத்த வேண்டும். நீர் பட்டால் விரைவில் கெடும். ஆதலால் உலர்ந்த இடத்தில் தொங்கவிடுதல் நலம். தென்னை ஈர்க்குமாறு வாசல் தெளிக்கவும், முற்றம் கழுவவும், ஈரக்குப்பையைத் தள்ளவும் உரியது. அதனை மெருகேற்றிய சலவைக்கல்லின் மீது அழுத்தித் தேய்க்க வேண்டா.

துடைப்பதற்கு முன் பெருக்குவது இன்றியமையாதது. மணல்துகள் கிடக்கையில் ஈரத்துணி கொண்டு தேய்த்தால், அத்துகள்களே தரையைக் கீறிவிடும்.

துடைக்கும் கருவி

பருத்தி நூல் மாப்பு நீரை மிகுதியாக உறிஞ்சும், விலையும் குறைவு. ஆனால் நனைந்தபின் கனக்கும், பிழிவதும் கடினம், நன்கு உலராவிடில் நாற்றம் வீசும். மைக்ரோஃபைபர் துணி பொருத்திய தட்டை மாப்பு குறைந்த ஈரத்திலேயே தூசியைப் பற்றிக்கொள்ளும். தரையும் விரைவில் உலரும். முதியோர் உள்ள இல்லத்திற்கு இதுவே ஏற்றது.

சுழல் வாளியுடன் வரும் மாப்பில் இருவகை உண்டு. காலால் மிதித்துச் சுழற்றுவதற்கு ஒற்றைக்காலில் நிலைகொள்ள வேண்டியிருக்கும். கைப்பிடியை அழுத்திச் சுழற்றுவது முதியோருக்குப் பாதுகாப்பானது. மாப்பின் கோல் நிமிர்ந்து நின்றபடி துடைக்கும் அளவு நீண்டிருத்தல் வேண்டும். கடையிலேயே பிடித்துப் பார்த்து வாங்குக. 10 லிட்டர் நீர் 10 கிலோ எடை உடையது. ஆகவே வாளியில் பாதியளவே நிரப்புதல் நன்று. துடைக்க ஒரு வாளி, அலச ஒரு வாளி என இரண்டு வைத்துக்கொண்டால் அழுக்குநீர் மீண்டும் தரையில் படியாது.

பூசையறைக்கு

விளக்கெண்ணெய் சிந்தினால் நீர் ஊற்றுதல் கூடாது, எண்ணெய் பரவும். கடலைமாவைத் தூவி, ஊறியபின் வழித்தெடுத்து, சோப்பு நீரால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அபிஷேகப் பாலும் பிரசாதத் துளிகளும் எறும்பை அழைப்பவை. அவற்றை உடனுக்குடன் துடைப்பதே நல்லது. பூசையறைக்கென ஒரு துணியைத் தனியே வைத்து, அதனைக் குளியலறைக்குப் பயன்படுத்தாதிருத்தல் ஆசாரத்திற்கும் உகந்தது, உடல்நலத்திற்கும் உகந்தது.

காவித் தரை பளபளக்கத் தேங்காயெண்ணெய் பூசும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. முதியோர் நடமாடும் வழியில் அதனைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

காக்க வேண்டிய எச்சரிக்கை

பிளீச்சிங் பவுடரையோ பிளீச்சிங் திரவத்தையோ அமிலத்துடன் எக்காரணம் கொண்டும் கலக்கலாகாது, நச்சுவாயு எழும். துடைக்கும்போது அறையின் உட்கோடியிலிருந்து வாயிலை நோக்கிப் பின்னேறி வருதல் வேண்டும். மின்விசிறியைச் சுழலவிட்டு, தரை முற்றிலும் உலர்ந்த பின்னரே பெரியோர் நடக்கலாம். இரவில் எழுந்து நடப்போர் உள்ள வீட்டில் மாலைக்குப்பின் ஈரத்துடைப்பு வேண்டா. காலையில் துடைத்து, உலர்ந்தபின் விளக்கேற்றுவதே சாலச் சிறந்தது.