பட்டுக்கோட்டையாருக்கு ஒரு கும்மி

அக்டோபர் 8 வந்தால் எங்கள் வட்டாரத்தில் மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் படத்துக்கு மாலை போடுவோம். 1959இல் அவர் மறைந்த நாள். அப்போது அவருக்கு வயது 29. வீட்டில் இளம் மனைவி, கைக்குழந்தை.

ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் பாட்டு வந்துகொண்டே இருந்தது. 1961இல் ‘அரசிளங்குமரி’, ‘திருடாதே’ என்று இரண்டு எம்.ஜி.ஆர். படங்கள். இரண்டிலும் அவர் எழுதிய பாட்டு உண்டு. இரண்டும் சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் பாட்டு. டூரிங் கொட்டகையில் அதைக் கேட்டுவிட்டு வந்த என் அம்மா, “பெத்த புள்ளைக்குச் சொல்ல வேண்டியதை ஊருப் புள்ளைக்கெல்லாம் சொல்லிட்டுப் போயிருக்குடா அந்தத் தம்பி” என்று சொல்வதை அவளுடைய கடைசிக் காலம்வரை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அழுவாள்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டுகள் முழுசாகத் தெரியும். நாற்றுப் பறிக்கும்போது பிடி நாற்றைப் பாதத்தில் தட்டிச் சேற்றை உதறுவார்கள். வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லோரும் தட்டுகிற அந்தத் தட்டுதான் தாளம். சினிமா மெட்டு அதில் கொஞ்சம் மாறும், இழுபடும். பாட்டு மட்டும் பிசகாது.

அது அந்த வயலில் அப்படிப் பொருந்தியதில் ஆச்சரியமில்லை. 1930இல் செங்கப்படுத்தான்காட்டில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அப்பா அருணாசலம் பிள்ளையே கும்மி கட்டியவர். மகன் விவசாயிகள் இயக்கத்தில் நின்றார், நாடகத்தில் நடித்தார், புதுச்சேரியில் பாவேந்தர் பாரதிதாசனோடு இருந்தார். சினிமாவில் அவருக்குக் கிடைத்தது ஐந்தாறு வருஷம்தான். வரப்பில் பேசுகிற பேச்சையே பாட்டில் வைத்தார். புரியாத சொல் என்று ஒன்றை அம்மா என்னிடம் கேட்டதில்லை.

பட்டுக்கோட்டையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, வேண்டியதுதான். ஆனால் நினைவு நாள் மேடையில் பேச்சாளர்களுக்கே நேரம் போய்விடுகிறது. வயலிலும் பாட்டுக்கு இடமில்லை, எங்கள் பக்கம் நடவு இயந்திரம் வந்துவிட்டது. நடவுப் பாட்டும் கும்மியும் தெரிந்த பெண்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களை அந்த மேடையில் ஏற்றிப் பாடவிட வேண்டும், பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நிறுத்த வேண்டும் என்று விழாக் குழுவில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த அக்டோபருக்கு அரை மணி நேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.